ஊதாத் திரை போட்ட பஸ்

செயிண்ட் அகதா பெண்கள் ஹைஸ்கூல்,
சாந்தோம், சென்னை.
2 ஜூலை 1934

ஸ்ரீமதி சகினா பீவி அவர்களுக்கு,

தங்கள் குமாரத்தி கைசர் ஜஹான் இந்த வருஷம் ஆறாவது பாரத்தில், என் வகுப்பில் இருக்கிறாள். பள்ளிக்கூடம் திறந்து மூன்று வாரமாகிறது. அவள் ஒரு நாள்கூட வரவில்லை. அவளோடு ராயப்பேட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த மற்ற ஆறு முஸ்லிம் பெண்களும் வரவில்லை.

கைசர் கணக்கில் வகுப்புக்கே முதல். இந்த வருஷக் கடைசியில் எஸ்.எஸ்.எல்.சி. பப்ளிக் பரீட்சை எழுத வேண்டியவள். தேக சௌக்கியக் குறைவா, வேறு காரணம் உண்டா என்று தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
எஸ். ஜானகி
ஆறாவது பாரம் ஆசிரியை

*

ஜாம் பஜார், ராயப்பேட்டை.
5 ஜூலை 1934

ஜானு,

'ஸ்ரீமதி சகினா பீவி அவர்களுக்கு' என்று எழுதியிருக்கிறாய். கைசரை விட்டு உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. நான்காவது பாரம் வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதியவள் எனக்கு ஸ்ரீமதி போடுகிறாள்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெண்கள் இத்தனை வருஷமும் மெஹபூப் அலி ஓட்டிய கோஷா வண்டியில் வந்தார்கள். நாலு பக்கமும் திரை. தெருவில் போகிறவன் கண்ணுக்கு ஒரு விரல்கூடப் படாது. மாடு செத்துப்போயிற்று, இனிமேல் பஸ்தான் என்று உங்கள் கான்வென்ட் மதர் சீட்டு அனுப்பினார். அந்த பஸ்ஸை என் மாமியார் நஸ்ருன்னிசா பேகம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்த்ததும் சொன்னது இதுதான்: "கண்ணாடி வண்டியில பொண்ணெ ஏத்தி ஊர்கோலம் விடச் சொல்றாங்களா? நம்ம வீட்டுல அந்த வழக்கம் இல்லெ."

அவ்வளவுதான். கைசர் புத்தகங்களையெல்லாம் பெட்டியில் வைத்துவிட்டாள்.

உன்னிடம் இன்னொன்றும் சொல்லவேண்டும். பதினாறு வருஷமாகச் சொல்லாதது. என் நிக்காஹ் விருந்துக்கு வகுப்புப் பெண்களெல்லாம் வந்தீர்கள். ரோஜா ஷர்பத் கொடுத்தார்கள். எல்லோரும் குடித்தார்கள். நீ தம்ளரைக் கையில் வாங்கி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஜன்னல் மாடத்தில் வைத்துவிட்டாய். நான் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதியாயிற்று.

சகினா

*

சித்திரக்குளம் வடக்கு வீதி, மயிலாப்பூர்.
8 ஜூலை 1934

அடி சகினா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுக்களையில் நின்றுகொண்டு அழுதேன். என் மாமியார், "என்னடி, வெங்காயமே இல்லாத சமையலுக்கு இப்படிக் கண்ணுல ஜலம் விடறே?" என்று கேட்டாள். இன்று ஏகாதசி.

ஷர்பத் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அருவருப்பு என்று நினைத்துவிட்டாய் அல்லவா? பாழாய்ப் போக! எனக்கு அப்போது வயசு பதினாலு. ஷர்பத் செக்கச் செவேலென்று இருந்தது. அதைக் குடித்தால் நாக்கு சிவந்துவிடும், வீட்டுக்குப் போனதும் அம்மா 'நாக்கை நீட்டு' என்பாள், பிறகு பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிடுவாள் என்று பயந்தேன். உன்னை நிறுத்தின அதே வாரத்தில் என்னையும் நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் வேறு. கோழை. வேறென்ன சொல்ல? அப்புறம் உன்னைப் பார்க்க வர வெட்கம். கல்யாணமாகி இவரோடு நெல்லூர் போய்விட்டேன். திரும்பி வந்து மூன்று வருஷம் ஆகிறது. போன வருஷம் உன் பெண் என் கணக்கு வகுப்புக்கு வந்து நின்ற அன்றைக்கே தெரியும், யார் பெண் என்று. உன் மூக்கு, உன் முறைப்பு. அப்போதும் எழுதவில்லை. ரெண்டு மைல் தூரத்தில் இருந்துகொண்டு!

போகட்டும். என்னை நீ திட்டலாம், வட்டியும் முதலுமாகத் திட்டு. ஆனால் கைசர் புத்தகத்தைப் பெட்டியில் வைத்தாள் என்று எழுதினாயே, அதை என்னால் தாங்க முடியவில்லை. நான்காவது பாரத்தோடு உன்னை நிறுத்தினபோது நீயும் அப்படித்தான் வைத்தாய். என்னால் அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்றைக்கு நான் டீச்சர்.

உன் மாமியாருக்கு என்ன வேண்டும்? ஒவ்வொன்றாக எழுது. மதரிடம் நான் போய் நிற்கிறேன்.

உன்
ஜானு

*

ஜாம் பஜார்.
12 ஜூலை 1934

அன்புள்ள ஜானுவுக்கு சகினாவின் ஸலாம்.

நாக்கு சிவக்கும் என்பதற்காகவா பதினாறு வருஷம்? உன்னை என்ன செய்தால் தகும்! இதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரர் குடைக் கடையிலிருந்து எழுந்து உள்ளே வந்துவிட்டார். 'கடிதத்தில் என்ன இருக்கு?' என்றார். சொன்னேன். அவரும் சிரித்தார். கோபம் முழுதும் போய்விடவில்லை. கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

என் மாமியாரிடம் நேராகவே கேட்டேன். அவர் சொன்னது: பஸ்ஸின் எல்லா ஜன்னலுக்கும் கனமான திரை வேண்டும். ஓட்டுகிறவனுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு திரை வேண்டும். ஓட்டுகிறவன் யாரோ எவனோ, ஆகையால் எங்கள் மெஹபூப் அலி முன்னால் உட்கார்ந்து வரவேண்டும். மூன்றும் இருந்தால் ஏழு வீட்டுப் பெண்களும் வருவார்கள். ஒன்று குறைந்தாலும் வரமாட்டார்கள்.

மெஹபூப் அலிக்கு மாடு போனதிலிருந்து வேலை இல்லை. எங்கள் கடை வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு பஸ்ஸையும் முறைத்துக்கொண்டிருக்கிறார்.

உன்னால் முடியுமா? முடியாவிட்டால் இப்போதே சொல்லிவிடு. கைசருக்கு ஆசை காட்டி ஏமாற்றாதே.

சகினா

*

மயிலாப்பூர்.
21 ஜூலை 1934

அன்புள்ள சகினாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய்.

மதர் ஆக்னஸிடம் உன் மூன்று நிபந்தனையையும் சொன்னேன். மெஹபூபுக்கு உடனே சரி என்றார். திரைக்குத்தான் யோசித்தார். பஸ் வாங்கியதோடு கான்வென்ட்டில் துணிக்கு வழியில்லை. அயர்லாந்துத் தலைமை மடத்துக்கு எழுதி உத்தரவு வர மூன்று மாசமாகும். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "மூன்று மாசத்தில் அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளையே பார்த்துவிடுவார்கள், மதர்" என்றேன்.

அவர் எழுந்து மாதா கோயிலுக்குள் போனார். கோபித்துக்கொண்டு ஜபம் செய்யப் போய்விட்டார் என்று நினைத்தேன். கோயில் சாமான்கள் வைக்கிற சக்ரீஸ்து அறையிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். திறந்தால் உள்ளே ஊதாத் துணிகள்!

நினைவிருக்கிறதா? பாஸ்கு என்கிற ஈஸ்டர் பண்டிகைக்கு முந்தின ரெண்டு வாரம் கோயிலில் இருக்கிற சுரூபச் சிலைகளையெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடிவிடுவார்களே, அதுதான். அர்ச்சிஷ்டவர்களான புனிதர்கள் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது. சூசையப்பர் உள்ளே மூச்சு விடுகிறாரா பார்க்கிறேன் என்று நீ துணியைப் பிடித்து இழுத்துக் கிழித்தாய். சாயங்காலம் வரைக்கும் முழங்காலில் நின்றாய். நானும் கூட நின்றேன், நான் கிழிக்கவே இல்லை.

மதர் சொன்னதை அவர் தமிழிலேயே எழுதுகிறேன்: "ஜானகி, அர்ச்சிஷ்டவர்கள் வருஷத்தில் இரண்டு வாரம் கோஷா இருக்கிறார்கள். மீதி ஐம்பது வாரம் இந்தத் துணி பெட்டியில் தூங்குகிறது. இந்தப் பிள்ளைகள் ஐம்பது வாரம் கோஷா இருக்கட்டும்."

சுரூபங்கள் பதினொன்று. பஸ்ஸுக்கு ஜன்னல் பத்து, நடுவே ஒன்று. அளவெடுத்துத் தைத்த மாதிரி!

கோயில் உபதேசியார் சின்னப்பன்தான் குதித்தார். "சாமிக்குப் போட்ற துணிய பஸ்ல கட்டினா இன்னா அர்த்தம், மதர்? நாளைக்கு ஜனம் கேட்டா நான் இன்னா சொல்றது?" மதர், "கேட்டால் என்னிடம் அனுப்பு" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தார். நானும் இரண்டு கன்னியாஸ்திரீகளும் உட்கார்ந்து வளையம் தைத்தோம். நான் தைத்தது கோணல். உனக்குத்தான் தெரியுமே.

வரும் திங்கட்கிழமை காலை எட்டரைக்குத் திரையோடு பஸ் வரும். மெஹபூப் அலியைத் தாடியை வாரிக்கொண்டு தயாராக இருக்கச் சொல்.

ஜானு

*

ஜாம் பஜார்.
6 ஆகஸ்டு 1934

அன்புள்ள ஜானுவுக்கு,

இரண்டு வாரமாக எழுதவில்லை, மன்னித்துக்கொள். காலையில் ஏழு பெண்களைத் தயார் செய்து அனுப்புவது ஒரு பட்டாளத்தை அனுப்புகிற மாதிரி இருக்கிறது. எல்லோரும் எங்கள் வீட்டிலிருந்துதான் ஏறுகிறார்கள். ஷாகிராவுக்குத் தினமும் ஒரு செருப்பு காணாமல் போகிறது.

முதல் நாள் என் மாமியார் புர்க்கா போட்டுக்கொண்டு தானே பஸ்ஸுக்குள் ஏறி, ஒவ்வொரு திரையையும் இழுத்துப் பார்த்தார். விளிம்பை முறுக்கிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். கடைசியில் "துணி நல்ல துணி. தைச்சவளுக்குத் தைக்கத் தெரியல்லெ" என்றார். நீ தைத்தது என்று நான் சொல்லவில்லை.

இது யார் துணி என்றும் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்துப் பிறகு தெரிந்தால் வம்பு. 'அவங்க கோயில்ல மூடுற துணியா?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். முறுக்கின விளிம்பை நீவிவிட்டார். பிறகு கைசரிடம், "அழுக்குக் கையால தொடாதெ, பாத்து உக்காரு" என்றார்.

கைசர் ராத்திரி சாப்பிடும்போது உன்னைப் பற்றியே பேசுகிறாள். நீ கரும்பலகையில் எழுதும்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறாயாம். நான் இங்கே அடுப்படியில் உட்கார்ந்து அவள் ஜியாமெட்ரியைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்குகிறேன். முக்கோணம் வரைக்கும் எனக்குத் தெரியும். வட்டம் வந்தபோதுதான் என்னை நிறுத்திவிட்டார்கள். இப்போது வட்டம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சகினா

*

சாந்தோம்.
20 ஆகஸ்டு 1934

சகினா,

ஒரு வேடிக்கை, ஒரு வில்லங்கம். இரண்டும் ஒன்றுதான்.

நம் பஸ் கடற்கரை ரோட்டோடு வருகிறது அல்லவா? அங்கே குப்பத்து ஜனங்கள் எல்லோரும் கோயிலுக்கு வருகிறவர்கள். ஊதாத் துணி போட்டு மூடிய வண்டியைப் பார்த்ததும், உள்ளே சுரூபம் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள்! மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நடு ரோட்டில் முழங்கால் போட்டு சிலுவை போடுகிறார்கள். டிரைவர் கபாலி என்னிடம் வந்து கத்துகிறான்: "நான் இன்னா பண்றது டீச்சரம்மா? வண்டிய பாத்தாலே முட்டி போட்டுக்கினு கீறாங்க. ஆரன் அடிச்சா, சாமி வண்டிக்கு இன்னாத்துக்குடா ஆரனுன்னு என்னிய திட்றாங்க!" உள்ளே ஜஹீதாவும் ஷாகிராவும் சிரிப்பை அடக்க முடியாமல் ஒருத்தி மேல் ஒருத்தி விழுகிறார்களாம்.

உபதேசியார் சின்னப்பனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. நேரே பங்குச் சாமியாரிடம் போய்விட்டார். சாமியார் மதரையும் என்னையும் கூப்பிட்டனுப்பினார். துணியை உடனே பெட்டியில் வைக்கச் சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். உன் முகம்தான் கண் முன்னால் வந்தது. "சாமி, அந்தத் துணி வருஷம் முழுக்கப் பெட்டியில் கிடந்தது, யாருக்கும் உபயோகமில்லாமல். இப்போது ஏழு பெண்கள் படிக்கிறார்கள்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. மதர் என் முழங்கையைக் கிள்ளினார்.

சாமியார், "பாஸ்குவுக்கு முந்தின தவசு காலத்தில் என் சுரூபங்களுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார். நான், "நான் பொறுப்பு. சுரூபம் மூடுகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் பதினொரு துணியும் பெட்டியில் இருக்கும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஏப்ரலில் பரீட்சை முடிந்துவிடும், அப்புறம் துணி கொடுத்தால் போயிற்று, இதிலென்ன?

இனிமேல் குப்பம் வந்ததும் மெஹபூப் அலி தலையை வெளியே நீட்டி, 'பள்ளிக்கூட வண்டி! பள்ளிக்கூட வண்டி!' என்று கூவவேண்டும் என்பது உத்தரவு. அப்படியும் ஒரு கிழவி, "படிப்பும் சாமிதான்" என்று சொல்லிவிட்டு முழங்கால் போட்டாளாம்.

ஜானு

*

மயிலாப்பூர்.
28 மார்ச் 1935

அன்புள்ள சகினாவுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

பரீட்சைத் தேதி வந்துவிட்டது. ஏப்ரல் எட்டாம் தேதி, திங்கட்கிழமை ஆரம்பம். நம் பள்ளிக்கூடமே சென்டர். சுரூபம் மூடுகிற ஞாயிறு ஏப்ரல் ஏழு. பாஸ்கு வருஷா வருஷம் தேதி மாறும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், மதருக்குத் தெரியும், பத்து வருஷம் அங்கே படித்த எனக்கும் தெரியும். வாக்குக் கொடுத்த அன்றைக்குப் பஞ்சாங்கத்தைப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. எங்காத்தில் அமாவாசையிலிருந்து ராகுகாலம் வரைக்கும் பார்க்காமல் ஒரு காரியம் நடக்காது. கிறிஸ்தவப் பண்டிகையைப் பார்க்காமல் கோட்டை விட்டேன்.

சனிக்கிழமை துணியைக் கொடுத்துவிட்டால் திங்கட்கிழமை பஸ்ஸுக்குத் திரை இல்லை. கொடுக்காவிட்டால் மதரின் பேரும் என் பேரும் சந்தி சிரிக்கும், அடுத்த வருஷத்துக்குத் துணியே கிடைக்காது. என் பழைய புடவைகளைக் கிழித்துக் கட்டலாமா என்று பார்த்தேன். நாலு ஜன்னலுக்குக்கூட வரவில்லை, அதுவும் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. உன் மாமியார் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அதோடு சரி.

கைசர் எழுதாமல் போனால் நான் இந்த வேலையை விட்டுவிடுகிறேன். இது சத்தியம்.

ஜானு

*

ஜாம் பஜார்.
30 மார்ச் 1935

ஜானு,

வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நீ அன்றைக்கும் யாரையும் கேட்காமல் தம்ளரைக் கீழே வைத்தாய்.

கைசருக்கு இன்னும் சொல்லவில்லை. தூங்கும்போதுகூட ஃபார்முலா சொல்லுகிறாள்.

வேலையை விடுகிறேன் என்றெல்லாம் எழுதாதே. எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

சகினா

*

ஜாம் பஜார்.
5 ஏப்ரல் 1935

என் ஜானுவுக்கு,

போன கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஆனால் இதைப் படி.

ஞாயிற்றுக்கிழமை மாமியாரிடம் சொன்னேன். பதில் நான் நினைத்ததுதான்: "திரை இல்லேன்னா பரீட்செ இல்லெ." பதினேழு வருஷத்தில் நான் அவர் சொல்லுக்கு ஒரு பதில் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். "அம்மிஜான், என்னை நாலாவது பாரத்தில் நிறுத்தினார்கள். ஏன் என்று நான் யாரையும் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்து அடுப்பைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். என் பெண் அந்தப் பரீட்சையை எழுதவேண்டும்." என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. கைசர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

மாமியார் வெற்றிலைப் பெட்டியை இழுத்தார். வெற்றிலையை மடித்தார், போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் சொன்னார்: "அவங்க சாமி மேல போடுற துணிய நம்ம பொண்ணுக்குக் கொடுத்தாங்க. ஒம்போது மாசம் கொடுத்தாங்க. இப்ப அவங்க திருப்பிக் கேக்குறப்ப நம்ம கை சும்மா இருந்தா அது என்னா மரியாதை?" என்று சொல்லிவிட்டு, கடைப் பக்கம் திரும்பி ஒரே கூப்பாடு: "வலியுல்லா! கடையில எத்தனெ குடைத் துணி இருக்கு?"

என் வீட்டுக்காரர் அலமாரியில் இருந்த கறுப்புத் துணிச் சுருள் அத்தனையும் இறக்கிவிட்டார். மழைக்காலத்துக்கு வைத்திருந்த சரக்கு. கூடத்தில் விரித்தபோது நடக்க இடமில்லை. என் மாமியாரே கத்திரிக்கோலைப் பிடித்து வெட்டினார். வியாழக்கிழமை மொஹரம் பிறை தெரிந்துவிட்டால் எங்கள் வீட்டில் பத்து நாளைக்குப் புதுத் துணியில் ஊசி வைக்கமாட்டோம். அதற்குள் முடிக்கவேண்டும். ஏழு வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஷாகிராவின் தாயார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே தைத்தாள். நேற்று அஸர் தொழுகைக்கு முன்னால் பதினொன்றாவது திரையில் கடைசித் தையல் போட்டேன். சாயங்காலம் பிறை தெரிந்தது.

நாளைக் காலையில் மெஹபூப் அலி ஒரு மூட்டை கொண்டுவருவார். உங்கள் ஊதாத் துணிகள் பதினொன்றும் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு இருக்கின்றன. உன் கோணல் வளையங்களைப் பிரித்துவிட்டேன். சூசையப்பர் துணியில் நான் பதினோரு வயதில் கிழித்த கிழிசலுக்கு யாரோ ஒட்டுப் போட்டு வைத்திருந்தார்கள், அசிங்கமாக. அதை எடுத்துவிட்டு இழை இழையாகப் பின்னி அடைத்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரிந்தால் எனக்கு எழுது. தெரியாது.

சகினா

*

மயிலாப்பூர்.
14 ஏப்ரல் 1935

அன்பிற்குரிய சகினாவுக்கு,

எனக்கு இந்த வாரம் முழுதும் தரையில் கால் பாவவில்லை.

சனிக்கிழமை மூட்டையைப் பிரித்ததும் கோயில் பூராவும் சந்தன வாசனை. உன் பெட்டியில் அத்தர் சிந்தியதா, வேண்டுமென்றே போட்டாயா? உபதேசியார் சின்னப்பன் ஒவ்வொரு துணியாக எண்ணினார். சூசையப்பர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிழிசலைத் தேடுகிறார்! அகப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "யாருது இந்தக் கை?" என்றார். சொன்னேன். ஏணியில் ஏறித் தானே சூசையப்பருக்குப் போர்த்தினார். கீழே இறங்கி வந்து, "டீச்சரம்மா, பாஸ்கு முடிஞ்சதும் இந்தத் துணிய நானே அவங்க ஊட்டாண்ட எத்துக்கினு போய் கொடுக்கிறேன்" என்றார். அவர் வாயால்!

திங்கட்கிழமை கறுப்புத் திரையோடு பஸ் வந்தது. கபாலி இறங்கும்போதே, "இன்னாம்மா இது, குடைக்கு சக்கரம் வெச்சா மாதிரி கீது!" என்றான். உள்ளேயிருந்து கைசர் இறங்கினாள். பேனாவை வாளைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள். மதர் அவள் தலையில் கை வைத்தார். மெஹபூப் அலி ஏதோ ஓதி ஊதினார். நான் என் பங்குக்குக் கபாலீச்வரனை வேண்டிக்கொண்டேன். இவ்வளவு பேரும் சேர்ந்து ஒரு கணக்குப் பரீட்சையைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்களா என்ன?

நன்றாக எழுதினாள். வட்டம் பற்றித்தான் பெரிய கேள்வி வந்தது. வெளியே வந்ததும், "டீச்சர், அம்மி இதை என்னைப் பத்து தரம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்க" என்றாள்.

ஜானு

*

சாந்தோம்.
10 ஜூன் 1935

சகினா!

பாஸ்! பாஸ்! பாஸ்! கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு! பள்ளிக்கூடத்துக்கே முதல்!

மெஹபூப் அலி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்பி உட்கார முடியாது. கைசரைக் கட்டிக்கொள். உன் மாமியாருக்கு என் நமஸ்காரம். குயின் மேரீஸ் காலேஜுக்கு விண்ணப்பம் மதரே எழுதிவிட்டார். பஸ் அந்த வழியாகத்தான் வருகிறது, திரை இருக்கிறது, இனி என்ன ஆட்சேபம்?

மதர் இன்னொன்று கேட்கச் சொன்னார். கிழிசலை அப்படி அடைக்கிற கை நம் பள்ளிக்கூடத்தில் ஒருத்தருக்கும் இல்லையாம். வாரத்தில் மூன்று நாள் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க நீ வருவாயா என்று கேட்கிறார். அதே பஸ். அதே திரை. மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

ஜானு

*

ஜாம் பஜார்.
14 ஜூன் 1935

என் ஜானுவுக்கு,

வீட்டில் நாலு நாளாக ஈதுப் பெருநாள் மாதிரி இருக்கிறது. என் வீட்டுக்காரர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், குடை வாங்குகிறார்களோ இல்லையோ, தொண்ணூற்றாறு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமியார் தெருவுக்கே பூந்தி கொடுத்தார். 'படிச்சது யாரு? எங்க பொண்ணு. திரை தைச்சது யாரு? நானு' என்கிறார். நானும் தைத்தேன் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை.

தையல் வேலையைப் பற்றிக் கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா? "போ. போயி அந்த டீச்சருக்கு மொதல்ல தைக்கக் கத்துக் கொடு." நீ தைத்த வளையங்கள் என்று எப்படியோ தெரிந்துகொண்டுவிட்டார்.

நான் கடைசியாக அந்தப் பள்ளிக்கூட வாசலை விட்டு வந்தபோது பதினாலு வயது. மெஹபூப் அலியின் வண்டித் திரையைக் கொஞ்சம் விலக்கி, நீ கை ஆட்டுகிறாயா என்று பார்த்தேன். ஆட்டினாய். அது போதும் என்று நினைத்து இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். போதவில்லை.

திங்கட்கிழமை எட்டரை மணி பஸ்ஸில் வருகிறேன். கையில் ஒரு கூஜா இருக்கும். அதில் என்ன இருக்கும் என்று உனக்குத் தெரியும். குடி என்று நான் சொல்லமாட்டேன். ஜன்னல் மாடம் உன் பள்ளிக்கூடத்திலும் இருக்கிறது.

சகினா

*

சித்திரக்குளம் வடக்கு வீதி.
18 ஜூன் 1935

அடி சகினா,

கூஜாவை மெஹபூப் அலியிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளை மறுநாள் நீயே வருகிறாய், அதுவரைக்கும் பொறுக்கமுடியாமல் எழுதுகிறேன்.

நேற்று நீ பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் ஓடிவந்த வேகத்தில் மதர் 'ஜானகி, ஆசிரியைகள் ஓடக்கூடாது' என்றாரே, அவர் கண்ணையும் பார்த்தேன், அவரும்தான் துடைத்துக்கொண்டார். உனக்கு நரை விழுந்திருக்கிறது. எனக்கும் விழுந்திருக்கிறது என்று நீ உடனே சொன்னாய். முதல் பேச்சே சண்டை.

மூன்று தம்ளர் குடித்தேன். நாலாவது தம்ளரை நீதான் பிடுங்கிக்கொண்டாய்.

காலிக் கூஜாவோடு நேரே வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே என் மாமியார். "நாக்கு என்னடி, கிளி மூக்கு மாதிரி இருக்கு?" என்றாள். பதினேழு வருஷம் கழித்து அந்தக் கேள்வி வந்தே விட்டது! நான் நாக்கை இன்னும் நன்றாக நீட்டிக் காட்டினேன். "ஷர்பத் குடிச்சேம்மா. என் சிநேகிதி சகினா, அவா ஆத்துல பண்ணினது" என்றேன். மாமியார் கூஜாவை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். புளி போட்டுத் தேய்த்தாள். போச்சு, இனிமேல் ஆத்துக்குள் விடமாட்டாள் என்று நான் நின்றேன்.

துடைத்து எடுத்துக்கொண்டு நேரே அடுக்களைக்குள் போனாள். கூடவே போய்ப் பார்த்தேன். காலையில் சுற்றின தேங்குழலை அதில் நிறைய அடுக்கிக்கொண்டிருந்தாள். மூடியைத் திருகிவிட்டு என் கையில் கொடுத்தாள்.

"ஒருத்தர் ஆத்துப் பாத்திரத்தை வெறுமனே திருப்பப்படாதுடி" என்றாள்.

எல்லோருமாகச் சாப்பிடுங்கள்.

உன்
ஜானு